கோரைமுனையில் ஆளில்லாத நான்கு நாட்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன் அக்கா, இந்தக் கதையில் முக்கியமான பாதியை நான் பார்க்கவில்லை. எங்கள் கம்பெனி வண்டி ஓட்டும் உக்கிரபாண்டியண்ணன் பார்த்துவிட்டு வந்து சொன்னது. அவர் ஒன்றை ஒன்றரையாகச் சொல்லக்கூடியவர். அதனால் எது நான் பார்த்தது, எது அவர் சொன்னது என்று பிரித்துப் பிரித்துச் சொல்கிறேன். அப்படிச் சொன்னால்தான் எனக்கு மனசு நிற்கும். நீங்கள் பரமக்குடியில் இறங்க வேண்டும் என்றீர்களே, அதற்குள் முடித்துவிடுவேன்.

என்ன வேலை என்று கேட்டீர்கள். கடற்கரையில் யாராவது பெரிதாக ஏதாவது கட்டப் போகிறார்கள் என்றால், அதனால் கடலுக்கு என்ன ஆகும், ஊருக்கு என்ன ஆகும், கோயில் குளத்துக்கு என்ன ஆகும் என்று ஆராய்ந்து அரசாங்கத்துக்கு ஓர் அறிக்கை கொடுக்க வேண்டும். அந்த அறிக்கையைத் தயாரிப்பது எங்கள் கம்பெனி. எங்களை அமர்த்துவது யார் என்றால், கட்டப் போகிறவர்தான். ஆமாம், அவரேதான். நீங்கள் சிரிக்கிறீர்கள். வேலையில் சேர்ந்த புதிதில் எனக்குச் சிரிப்பு வரவில்லை, பயம்தான் வந்தது.

எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். எட்டயபுரம் பக்கம். அம்மாவுக்குத் தீப்பெட்டி ஆபீஸில் வேலை. முதல் பட்டதாரிச் சான்றிதழ் வாங்க தாலுகா ஆபீஸுக்கு ஐந்து தடவை நடந்தோம். ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒரு தாளில் ஏதோ ஒன்று தப்பாக இருந்தது. அன்றிலிருந்து எந்தத் தாளில் கையெழுத்துப் போட்டாலும் நான்கு முறை படித்துவிட்டுத்தான் போடுவேன். தப்பாக ஒன்றை எழுதிவிட்டால் கொடுத்ததையெல்லாம் திரும்பப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று ஒரு எண்ணம். என் பெயர் இசக்கியம்மாள். ஆபீஸில் இசா என்று கூப்பிடுகிறார்கள். நான் ஒன்றும் சொல்வதில்லை.

கோரைமுனை என்று ஓர் ஊர், ராமநாதபுரத்துக்குத் தெற்கே. அங்கே உல்லாச விடுதியும், படகு வந்து நிற்க நீளமாக ஒரு பாலமும் கட்டுவதாகத் திட்டம். பாலத்தின் தூண்கள் கடலுக்குள் ஒரு பாறைத் திட்டின் மேல் இறங்கும். அந்த ஊர்க்காரர்கள் அதைப் பார் என்பார்கள். எனக்குக் கொடுத்த வேலை, அந்தக் கரையை யார் யார் எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்று கணக்கெடுப்பது. காலை ஆறு முதல் மாலை ஆறு வரை, அரை மணிக்கு ஒரு தடவை, நான்கு நாள். வள்ளம் எத்தனை, வலை எத்தனை, ஆள் எத்தனை, கால்நடை எத்தனை. நாளுக்கு இருபத்தைந்து பதிவு. மொத்தம் நூறு.

மற்ற பிள்ளைகள் இதை எப்படிச் செய்வார்கள் தெரியுமா? காலையில் ஒரு தடவை போய் நாலு படம் எடுத்துவிட்டு லாட்ஜில் படுத்துக்கொண்டு மிச்சத்தை நிரப்புவார்கள். ஒருவன் பேனா நிறத்தை மாற்றி மாற்றி எழுதுவான், பல வேளைகளில் எழுதியது மாதிரி தெரியட்டும் என்று. அருவருப்பாக இருக்கும். நான் அப்படிச் செய்யவில்லை. நான்கு நாளும் ஒரு உடைமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். ஒதுங்க இடம் கிடையாது. அதனால் தண்ணீர் குடிக்கவில்லை. நாலாம் நாள் தலை சுற்றியது. ஆனாலும் நூறு பதிவும் அங்கே உட்கார்ந்து எழுதியவை.

நூறிலும் ஆள் பூஜ்யம். வள்ளம் பூஜ்யம். வலை பூஜ்யம். ஆடு பதினொன்று.

ஒருவரும் வரவில்லை அக்கா. நான் என்ன செய்ய முடியும்? பார்த்ததைத்தான் எழுதினேன். நான் எழுதியதில் ஓர் எண்கூடப் பொய் கிடையாது.

நாலாம் நாள் சாயங்காலம், கடைசிப் பதிவும் முடிந்த பிறகு, அந்த ஆடுகளை ஓட்டிப்போக ஒரு அம்மா வந்தார். ஐம்பது வயதிருக்கும். விரல் நுனியெல்லாம் வெட்டு வெட்டாக, காய்த்துப்போய். நம்புஈஸ்வரி என்று பெயர். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“நாலு நாளா பாக்குறேன். கடல் எங்கயும் ஓடிப் போயிரும்னு காவலுக்கு ஒக்காந்திருக்கியாத்தா?”

“இல்லம்மா, யாராவது வர்றாங்களான்னு எழுதிட்டிருக்கேன்.”

“எழுதுனியா?”

“யாரும் வரல.”

“எப்படி வருவாக? இப்ப விடுநாள்ல?”

அப்போதுதான் தெரிந்தது. அந்த ஊரில் பெண்கள்தான் பாருக்குப் போகிறவர்கள். கண்ணாடி மாட்டிக்கொண்டு, விரலில் துணி சுற்றிக்கொண்டு, முங்கி முங்கிப் பாறையில் இருக்கும் பாசியைப் பறித்து இடுப்புப் பையில் போடுவார்கள். அமாவாசை முடிந்து ஆறு நாள், பௌர்ணமி முடிந்து ஆறு நாள். மாதத்தில் பன்னிரண்டே நாள். மற்ற நாளில் யாரும் காலை நனைக்கக்கூடாது. அரசாங்கம் போட்ட சட்டம் இல்லை. அவர்களே கூடி உட்கார்ந்து வைத்துக்கொண்டது.

“தண்ணி நல்லா வத்துற நாளு அது. மத்த நாளும் எறங்குனா வேரோட போயிரும். வளரட்டும்னு விட்டுருவோம். போன வருசம் எங் கொழுந்தன் பொண்டாட்டி ஒருத்தி, விடுநாள்ல திருட்டுத்தனமா எறங்கிட்டா. ஒரு மாசம் அவகிட்ட ஊருல ஒரு நாதி பேசல. நாந்தான் மொத ஆளா நிப்பாட்டுனேன். ஒரே வீடு, ஒரே அடுப்பு. உப்ப எடுன்னு சொல்லக்கூட ஆள் இல்லாமத் தவிச்சுப்போனா.” சொல்லிவிட்டுச் சிரித்தார். “நீ வந்ததே தப்பான நாளுத்தா. அமாவாச கழிச்சு வா. நூறு தலைக்கு மேல தண்ணிக்குள்ள தெரியும்.”

பாருக்குப் பக்கத்தில் தலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்த கல் ஒன்றைக் காட்டினார். முதல் பிடி பாசியை அந்தக் கல்லுக்குப் போட்டுவிட்டுத்தான் மற்றதைப் பறிப்பார்களாம். ‘நாச்சியா கல்லு’ என்றார்.

நான் எல்லாவற்றையும் படிவத்தின் அடியில் ‘குறிப்பு’ என்ற இடத்தில் எழுதினேன். அவர் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். “எம் பேரையும் போட்டியா?” என்றார். போட்டேன். “வாசி” என்றார். வாசித்துக் காட்டினேன். அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

சென்னைக்கு வந்து சுகுமாரன் சாரிடம் படிவங்களைக் கொடுத்தேன். அவர்தான் எங்களுக்கு மேலே. கார் சாவியால் காது குடைந்துகொண்டே பேசுவார். குடைந்துவிட்டுச் சாவி நுனியைப் பார்ப்பார். பிறகு அதே கையால் என் படிவங்களைப் புரட்டினார்.

“சூப்பர்மா. நூறு பூஜ்யம், ஒரு அடித்தல் திருத்தல் இல்ல. இந்த மாதிரி பூஜ்யம் போட ஒரு தைரியம் வேணும்.” பிறகு அடியில் பார்த்தார். “இது என்ன?”

“அந்த ஊர் அம்மா சொன்னாங்க சார். நாம போனது அவங்க கடலுக்குப் போகாத நாள். அமாவாசைக்கு அப்புறம் இன்னொரு தடவை போய் எண்ணிட்டு வந்துடறேன்.”

“நீ பாத்தியா?”

“இல்ல சார். சொன்னாங்க.”

“கேட்டது வேற, பாத்தது வேற. நீ சயின்ஸ் படிச்ச பொண்ணு. நாளைக்கு ஒருத்தன் கடல்கன்னி இருக்குன்னு சொல்லுவான், எழுதுவியா?”

“அந்தக் கல்லு, சார்? கலாச்சாரப் பாதிப்பு அத்தியாயத்துல...”

“கட்டடம் இருக்கா?”

“இல்ல.”

“உண்டியல்?”

“இல்ல சார்.”

“அப்ப அது கல்லு. கல்லு வேற அத்தியாயம்.”

பக்கத்து மேஜைகளில் சிரித்தார்கள். களப்பணிக்கான காலம் முடிந்துவிட்டது, இன்னொரு தடவை போக முடியாது என்று சொல்லிவிட்டார். குறிப்பு இருந்த தாளை மட்டும் எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்றை அச்செடுத்துக் கொடுத்தார்கள். அதே எண்கள்தான், குறிப்பு மட்டும் இல்லை. நான்கு முறை படித்தேன். எண்கள் எல்லாம் சரியாக இருந்தன. கையெழுத்துப் போட்டேன்.

கேட்டது வேறு, பார்த்தது வேறு என்று அவர் சொன்னது சரிதானே அக்கா? அன்றைக்கு எனக்குச் சரியென்றுதான் பட்டது. கல்லூரியிலும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.

அறிக்கை வந்தது. அறுநூற்றுச் சொச்சம் பக்கம். ‘திட்டப் பகுதிக் கடற்கரையில் மனிதப் பயன்பாடு எதுவும் காணப்படவில்லை. மேய்ச்சல் மட்டும் குறைந்த அளவில் உள்ளது (ஆடுகள் 11).’ ஆடுகளுக்கு மாற்று மேய்ச்சல் இடம் தருவதாக ஒரு பத்தியே இருக்கிறது. பெண்களைப் பற்றி ஒரு வரி இல்லை. என் படிவத்தைப் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு மாதிரியாகக் காட்டுகிறார்கள். ஒருநாள் பயிற்சி வகுப்பில் அதைத் திரையில் போட்டார்கள். என் கையெழுத்து அவ்வளவு பெரிதாக. எழுந்து போய் வாந்தி எடுத்தேன். சாப்பாடு சேரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

ஆடி மாதம் கோரைமுனைப் பள்ளிக்கூட மைதானத்தில் மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் வைத்தார்கள். அன்றைக்கு என்னையும் கூட்டிப்போனார்கள், ஆனால் வண்டியை விட்டு இறங்க வேண்டாம் என்றார் சுகுமாரன் சார். “உன் முகத்தைப் பாத்தா ஏதாவது கேப்பாங்க. நீ சின்னப் பொண்ணு, தாங்க மாட்டே.” பனைமரத்தடியில் ஏ.சி. ஓடும் வண்டியில் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தேன். மைக் சத்தம் லேசாக வந்தது. வேறொன்றும் கேட்கவில்லை. இறங்கியிருக்கலாம். கதவு பூட்டவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும் இல்லையா, கதவு பூட்டியிருக்கவில்லை.

இனி உக்கிரபாண்டியண்ணன் சொன்னது.

அறிக்கையின் சுருக்கத்தைச் சுகுமாரன் சார் வாசித்திருக்கிறார். மனிதப் பயன்பாடு இல்லை என்ற இடம் வந்ததும் நம்புஈஸ்வரியம்மா எழுந்து மைக்கை வாங்கியிருக்கிறார்.

“இந்தக் கரையில ஆளே இல்லைன்னு போட்டிருக்கீக. அப்ப இங்க நிக்கிறது யாருய்யா, பேயா? ஏய் பூமயிலு, எந்திரிச்சு நில்லு. இந்தா, இவளுக்குக் காலு இருக்கா பாத்துக்கங்க!”

கூட்டமே சிரித்திருக்கிறது. மேடையில் இருந்த அதிகாரியும் சிரித்தாராம். சுகுமாரன் சார் மட்டும் சிரிக்காமல், “விஞ்ஞான முறைப்படி நாலு நாள், நூறு தடவை பாத்திருக்கோம்மா” என்று என் படிவங்களைத் தூக்கிக் காட்டியிருக்கிறார்.

“தெரியும்ல! ஒரு புள்ள வந்துச்சு. மெலிஞ்ச புள்ள, தண்ணிகூடக் குடிக்காம ஒக்காந்திருந்துச்சு. அது வந்தது விடுநாளு. நாங் காரணத்தச் சொன்னேன், அது எழுதுச்சு. எம் பேரப் போட்டு எனக்கு வாசிச்சுக் காட்டுச்சு. அந்தத் தாளு எங்கய்யா? தாளு இல்லாட்டிப் போகுது, அந்தப் புள்ளய வரச் சொல்லுங்க. அது பொய் சொல்லாது.”

அதிகாரி சுகுமாரன் சாரைப் பார்த்திருக்கிறார். “அந்தப் பொண்ணு வேலையை விட்டுப் போயிடுச்சு சார்” என்று சொல்லியிருக்கிறார் சுகுமாரன் சார். மைதானத்திலிருந்து வண்டி இருநூறு அடி இருக்கும்.

அப்படிச் சொன்ன சுகுமாரன் சார் கூட்டம் முடிந்ததும் கையில் ஒரு பிரியாணிப் பொட்டலத்தோடு வண்டிக்கு வந்தார்; இது நான் பார்த்தது. கூட்டத்துக்கு வந்தவர்களுக்குக் கொடுத்ததில் மிச்சம். “நல்லா போச்சும்மா. சாப்பிடு” என்றார். சாவி அவர் காதில் இருந்தது. எனக்கு அப்போது கூட்டத்தில் நடந்தது தெரியாது. சாப்பிட்டேன். காலையிலிருந்து பசி.

அவரை ராமநாதபுரத்தில் ரயில் ஏற்றிவிட்ட பிறகுதான் உக்கிரபாண்டியண்ணன் வாயைத் திறந்தார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கடைசியில் சொன்னார்: “இதெல்லாம் தெரியாமச் செஞ்சதுன்னா நெனைக்கிற? உன்னைய விடுநாளாப் பாத்து அனுப்புனதே திட்டம் போட்டுத்தான் பாப்பா. அவரு காலண்டரு பாக்காம ஒரு தேதி குறிக்க மாட்டாரு. எத்தன கடலு பாத்த ஆளு!”

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. நான் தண்ணீர்கூடக் குடிக்காமல், ஒதுங்க இடமில்லாமல் அடக்கிக்கொண்டு எழுதிய நூறு பூஜ்யத்தையும் இவர் முன்கூட்டியே எழுதிவைத்துவிட்டுத்தான் என்னை அனுப்பியிருக்கிறார். என் நேர்மையைக் கருவி மாதிரி வாடகைக்கு எடுத்திருக்கிறார். அன்றிலிருந்து அவர் தொட்ட பேனாவைக்கூட நான் தொடவில்லை.

அடுத்த வாரம் லீவு போட்டுவிட்டுக் கோரைமுனைக்குப் போனேன். அமாவாசை கழித்து மூன்றாம் நாள். காலை ஏழு மணி. அந்த அம்மா சொன்னது நிஜம். எண்ணினேன், இரண்டு தடவை. நூற்றுப் பதினேழு பேர். தலை முங்கும், எழும், ‘உஸ்’ என்று மூச்சு விடும் சத்தம் கரைவரை கேட்கும்.

நம்புஈஸ்வரியம்மா கரையேறியதும் என்னைப் பார்த்தார். பேசவில்லை. பையைக் கொட்டினார், கண்ணாடியைக் கழுவினார், தலையைத் துவட்டினார். நான் நின்றுகொண்டே இருந்தேன். “வேலய விட்டுட்டியாமுல்ல?” என்றார் பிறகு.

“இல்லம்மா.”

“அப்பறம் எங்க இருந்த?”

“வண்டியில.”

நான் அவசர அவசரமாகச் சொன்னேன். தேதியைக் குறித்தது நான் இல்லை, சார்தான், விடுநாள் என்று தெரிந்தே காலண்டர் பார்த்துக் குறித்திருக்கிறார், என்னை ஏமாற்றித்தான் அனுப்பினார் என்று. அழுதேன். அந்த அம்மா முகம் இளகிவிட்டது. ஈரக் கையாலேயே என் முகத்தைத் துடைத்தார். பாசி நாற்றம்.

“சரி விடு. பச்ச மண்ணு, உனக்கு என்ன தெரியும். அந்தக் காதுகொடையிதான் செஞ்சிருக்கான். பூமயிலு, கேட்டியாடி? நாளு பாத்து அனுப்பியிருக்கான்டி!”

பத்துப் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள். பூமயில் என்ற அந்தப் பெண் பத்தாவது படித்தவர். அவர் சொன்னார்: “இதத்தான் எங்களுக்காக வழக்குப் பாக்குற வக்கீலம்மா கேட்டாக. ‘அவுக எண்ணுனது பொய்யின்னு நிரூபிக்க முடியாது, எண்ணுனது உண்மைதான். ஆனா நீங்க கடலுக்குப் போற நாள அவுக ஒதுக்குனாகன்னு காட்டுனா, மறுபடி எண்ணச் சொல்லி உத்தரவு வாங்கலாம்’னாக. அதுக்கு ஒரு தாளு வேணுமாம். நீ ஆபீசுலதான இருக்க? தேதி குறிச்ச தாளு இருக்கும்ல?”

மறுபடி எண்ணினால் அவர்கள் அறிக்கையில் வருவார்கள். வந்தால் தூண் அந்தப் பாரில் இறங்காது. எண்ணாவிட்டால், பதினொரு ஆடுகளுக்கு மேய்ச்சல் இடம் கிடைக்கும், அவ்வளவுதான். பூமயில் எனக்கு அதை விளக்கிச் சொன்னார். எனக்கே!

“எடுத்துட்டு வர்றேன்” என்றேன். நம்புஈஸ்வரியம்மா எனக்குச் சோறு போட்டார். கிளம்பும்போது, “அவம் பேரு அதுல இருக்கணும்த்தா, நல்லாத் தெளிவா” என்றார். நாளை காலை அந்த வக்கீலம்மா ஊருக்கு வருகிறார். அதற்குத்தான் போய்க்கொண்டிருக்கிறேன்.

என்ன அக்கா, பார்த்திபனூர் தாண்டிவிட்டோமா? முடித்துவிடுகிறேன். இன்னும் ஒன்றுதான் பாக்கி.

உக்கிரபாண்டியண்ணன் சொன்னதில் நான் சரிபார்க்காமல் விட்டது காலண்டர் விஷயம் மட்டும்தான். மற்றவற்றைக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்போடு ஒப்பிட்டுப் பார்த்தேன். ஏறத்தாழ எல்லாம் சரி. காலண்டரை எங்கே பார்ப்பது? சாருடைய மின்னஞ்சல் ஏதாவது இருக்கும், ‘இந்தத் தேதிகளில் போ’ என்று. அதை அச்செடுத்து வந்துவிடலாம் என்று நேற்று மதியம் ஆபீஸில் எல்லோரும் சாப்பிடப் போனபோது உட்கார்ந்து தேடினேன்.

சார் எழுதியது ஒன்றும் இல்லை. அவர் எழுதியதெல்லாம் ஒரே வரி: ‘ஓகே, அப்படியே செய்.’ அது ஒரு மின்னஞ்சலுக்குப் பதில். அந்த மின்னஞ்சல் பிப்ரவரி மூன்றாம் தேதி காலை பத்து நாற்பத்திரண்டுக்குப் போயிருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வாரம். கடலின் ஏற்ற இறக்கம் அதிகம் இருக்கும் நாட்களில் கரையின் இயல்பான நிலை தெரியாது என்று பாடப்புத்தகத்தில் படித்ததை வைத்து, எங்களுக்குக் களவேலை இருந்த ஆறு ஊர்களுக்கும் தேதிப் பட்டியல் போட்டு அனுப்பியிருக்கிறது. கோரைமுனை நாலாவது. அனுப்பியவர் இ. இசக்கியம்மாள். அனுப்பியதே எனக்கு நினைவில் இல்லை. பட்டியலின் கீழே, தடித்த எழுத்தில் ஒரு வரி: ‘அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிவரும் நாட்கள் கவனமாகத் தவிர்க்கப்பட்டுள்ளன.’